28 டிகிரி, 20 சென்டிமீட்டர்

அமெரிக்கக் கார் ஷோரூம் ஒன்றில் இரண்டு ஃபோர்டு எஸ்கேப் வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2012. ஒரே நிறம், உள்ளே அதே ஐந்து இருக்கைகள். ஒன்றில் எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றுகிறது. மற்றதில் நான்கு சக்கரங்களையும் சுழற்றுகிறது. வாங்க வரும் குடும்பத்துக்கு இரண்டும் ஒரே வண்டிதான். பனி கொட்டும் ஊர் என்றால் இரண்டாவதை எடுப்பார்கள், இல்லையென்றால் முதலாவது போதும். ஆனால் எரிபொருள் சிக்கனச் சட்டத்தின் கணக்கில் முதல் வண்டி ‘பயணிகள் கார்’. இரண்டாவது வண்டி ‘லைட் டிரக்’. இரண்டுக்கும் மைலேஜ் இலக்கு வேறு, கணக்கு வைக்கும் பட்டியலும் வேறு.

எது லைட் டிரக் என்று கேட்டால் அமெரிக்காவில் ஒரே பதில் கிடைக்காது. புகையைக் கவனிக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு வரையறை வைத்திருக்கிறது. மைலேஜ் விதிகளை எழுதும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் இன்னொன்று இருக்கிறது. விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்கென்று அதே நிர்வாகம் மூன்றாவதாக ஒன்றை வைத்திருக்கிறது. துறைமுகத்தில் சுங்கத்துறை நான்காவது அளவுகோலோடு நிற்கிறது. ஒரே வண்டி ஓர் அலுவலகத்தில் காராகவும் அடுத்ததில் டிரக்காகவும் இருக்கலாம். அப்படி இருந்தும் இருக்கிறது.

இந்த வரையறைகள் எல்லாம், அன்று சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழானது. வரையறையைப் பார்த்து வண்டிகளை வடிவமைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்கச் சாலைகளில் இன்று நாம் பார்க்கும் வண்டிகளின் உயரம், எடை, கண்ணாடியின் நிறம் வரைக்கும் அந்த விதிகளின் கைவண்ணம் இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் செய்தி.

கதை புகையில் தொடங்குகிறது. 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் காற்றுத் தூய்மைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்கள் கக்கும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. அன்றைய தொழில்நுட்பத்துக்கு அது பெரிய தாவல். புதிதாகப் பிறந்திருந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 6,000 பவுண்டுக்கு உட்பட்ட பிக்கப் வண்டிகளையும் இதே கட்டுப்பாட்டில் கார்களோடு சேர்த்தது. பிக்கப்பும் ஸ்கவுட் என்ற ஜீப் வகை வண்டியும் செய்துகொண்டிருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, பெரிய மூன்று கார் கம்பெனிகளோடு நீதிமன்றம் போனது. 1973 பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஹரால்ட் லெவந்தால் எழுதிய தீர்ப்பு, இந்தச் சிறிய டிரக்குகளைக் கார்களோடு ஒரே கூண்டில் அடைத்தது செல்லாது என்றது. சுமை தூக்கும் வண்டிக்குச் சுமை தூக்கும் வண்டிக்கேற்ற விதி வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். அதன் விளைவாக முகமை ‘லைட் டியூட்டி டிரக்’ என்று தனி வகுப்பை உண்டாக்கியது.

அந்த வகுப்பின் எல்லை எடையில் வரையப்பட்டது. வண்டியைத் தராசில் நிறுத்திக் கண்ட எடை அல்ல இது. ஆட்கள், சரக்கு, பெட்ரோல் எல்லாம் ஏற்றியபின் வண்டி அதிகபட்சம் எவ்வளவு கனக்கலாம் என்று தயாரிப்பாளரே அறிவிக்கும் உச்ச எடை. ஸ்பிரிங்கையும் டயரையும் அச்சையும் கொஞ்சம் பலப்படுத்தி, இந்த எண்ணை உயர்த்தி எழுதலாம். முதலில் எல்லை 6,000 பவுண்டு, அதாவது சுமார் 2,720 கிலோ. அதற்கு மேலே போனால் கனரக வண்டி. புகை விதி தளர்வு, புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேண்டியதில்லை, ஈயம் கலந்த மலிவான பெட்ரோலே போதும்.

1975இல் ஃபோர்டு ஒரு புதிய பிக்கப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு எஃப்-100 இருந்தது, எஃப்-250 இருந்தது. இடையில் புதிதாக வந்தது எஃப்-150. அதன் உச்ச எடை 6,000 பவுண்டை ஒட்டி, அதைச் சற்றே தாண்டி நின்றது. பின்னாளில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் வண்டிகளில் ஒன்றாகிவிட்ட எஃப்-150 பிறந்தது ஒரு சட்ட எல்லையின் அந்தப் பக்கத்தில் கால் வைப்பதற்காக. முகமை விழித்துக்கொண்டு 1979இல் எல்லையை 8,500 பவுண்டுக்கு, சுமார் 3,860 கிலோவுக்கு, நகர்த்தியது. இன்றும் புகை விதிகளுக்கு அதுவே மேல் எல்லை. கூடவே, காலி வண்டியின் எடை 6,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், எதிரிலிருந்து பார்த்தால் தெரியும் முகப்புப் பரப்பு 45 சதுர அடியைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. இந்த அளவுக்குள் அடங்கி, சரக்கு ஏற்றுவதற்காக முதன்மையாக வடிவமைக்கப்பட்டதாகவோ, அப்படிப்பட்ட வண்டியிலிருந்து உருவானதாகவோ, 12 பேருக்கு மேல் ஏற்றுவதாகவோ, சாலைக்கு வெளியே ஓடுவதற்கான சிறப்பு அம்சங்கள் கொண்டதாகவோ இருந்தால் அது லைட் டிரக்.

அடுத்த எல்லை எண்ணெயால் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட எரிசக்திச் சட்டம், ஒவ்வொரு கார் கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் காலனுக்கு 27.5 மைலை எட்ட வேண்டும் என்றது. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர். டிரக்குகளுக்கு நாடாளுமன்றம் எண் எதுவும் சொல்லவில்லை. அதைப் போக்குவரத்துத் துறையிடம் விட்டது. சட்டம் இன்னொன்றும் சொன்னது: பத்துப் பேர் வரை ஏற்றுவதற்காக முதன்மையாகச் செய்யப்பட்ட வண்டி பயணிகள் வண்டி. ஆனால் சாலைக்கு வெளியே ஓடக்கூடிய அம்சம் உள்ளதாகவும், அதோடு நான்கு சக்கர இயக்கம் கொண்டதாகவோ 6,000 பவுண்டுக்கு மேல் உச்ச எடை உள்ளதாகவோ இருந்தால் அது பயணிகள் வண்டி ஆகாது.

அன்று யாருடைய கண்முன்னும் இருந்தது பண்ணையில் வைக்கோல் ஏற்றும் பிக்கப்பும், காட்டுப் பாதையில் ஏறும் ஜீப்பும்தான். குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் ஏழு இருக்கை எஸ்யூவி அன்று இவ்வளவு பரவியிருக்கவில்லை.

சட்டத்தின் பொதுவான சொற்களை அளக்கக்கூடிய எண்களாக மாற்றும் வேலை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வந்தது. 1977இல் அது எழுதிய விதி, சில திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி லைட் டிரக் ஆவதற்கு இரண்டு வாசல்கள்.

முதல் வாசல், வேலை. பத்துப் பேருக்கு மேல் ஏற்றுவது, தற்காலிகமாகக் குடியிருக்க இடம் தருவது, திறந்த தளத்தில் சரக்கு ஏற்றுவது, ஆட்கள் அமரும் இடத்தைவிடச் சரக்குக்கான கொள்ளளவு அதிகமாக இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். பிக்கப்புக்குத் திறந்த தளம் இருப்பதால் அது கேள்வியே இல்லாமல் டிரக். சரக்கு வேனும் அப்படியே. ஐந்தாவதாக ஒரு வழியும் வைத்தார்கள். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டால், அவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து வண்டியின் கடைசி வரை தட்டையான தளம் கிடைக்க வேண்டும். கழற்றுவதற்கு ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் போன்ற சாதாரணக் கருவிகள் போதுமானதாக இருக்க வேண்டும். விதிப் புத்தகத்திலேயே அந்தக் கருவிகளின் பெயர் அச்சாகியிருந்தது.

1983 நவம்பரில் கிரைஸ்லரின் மினிவேன்கள் வந்தன. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர். காரின் அடித்தளத்தைத் தழுவிய முன்சக்கர இயக்கம், கதவைத் தள்ளித் திறந்தால் குடும்பமே உட்காரும் இடம். இருக்கைகளைக் கழற்றினால் தளம் தட்டை. ஆகவே சட்டப்படி அவை டிரக். குடும்பத்தோடு வெளியூர் போக அதுவரை வாங்கப்பட்ட ஸ்டேஷன் வேகன் கார் பட்டியலில் இருந்து சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. மினிவேன் அதே வேலையை டிரக் பட்டியலில் இருந்து செய்தது. ஸ்டேஷன் வேகன் ஏன் மறைந்தது என்பதற்கு ரசனை மாற்றத்தை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த கிரைஸ்லர் பிடி குரூஸர் இன்னும் தெளிவான உதாரணம். பழைய பாணி முகமும் நான்கு கதவுகளும் கொண்ட அது, நீளத்திலும் ஓட்டும் விதத்திலும் ஒரு சிறிய கார். பின்னிருக்கைகளைக் கழற்றி எடுக்கலாம், தளம் தட்டையாகும். அதனால் மைலேஜ் கணக்கில் அது லைட் டிரக். ஒரு சிறிய காரை டிரக் பட்டியலில் சேர்ப்பதால் கம்பெனிக்கு என்ன லாபம்? அதைச் சராசரி எடுக்கும் முறையில் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டுகளில் டிரக்குகளுக்கான இலக்கு காலனுக்கு 20.7 மைல், லிட்டருக்குச் சுமார் 8.8 கிலோமீட்டர். ஒரு கம்பெனி லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர் தரும் டிரக்குகள் நூறு விற்கிறது என்போம். இலக்கை எட்டவில்லை; ஒவ்வொரு 0.1 மைல் குறைவுக்கும் வண்டிக்கு ஐந்தரை டாலர் அபராதம். இப்போது லிட்டருக்கு 10.2 கிலோமீட்டர் தரும் 25 சிறிய வண்டிகளை அதே பட்டியலில் சேர்க்கிறது. எல்லா வண்டிகளும் தலா ஒரு கிலோமீட்டர் ஓடினால் நூறு டிரக்குகள் 11.76 லிட்டர் குடிக்கும், 25 சிறிய வண்டிகள் 2.45 லிட்டர் குடிக்கும். 125 கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் 8.8. இலக்கு கைக்கு வந்துவிட்டது. ஒரு டிரக்கில்கூட ஒரு போல்ட்டையும் மாற்றவில்லை, ஒரு சொட்டு பெட்ரோலும் மிச்சமாகவில்லை. அதே 25 வண்டிகள் கார் பட்டியலில் இருந்திருந்தால், 11.7 என்ற கார் இலக்குக்குக் கீழே கிடந்து அந்தச் சராசரியைக் கெடுத்திருக்கும். வகுப்பு மாறினால் இரண்டு பக்கமும் ஆதாயம். மேலே உள்ள வண்டி எண்ணிக்கைகள் கணக்கைக் காட்ட நான் எடுத்துக்கொண்டவை. இலக்கும் அபராதமும் அன்று உண்மையில் இருந்தவை.

இந்தத் தட்டைத் தளக் கதவை 2006இல் பாதி அடைத்தார்கள். மூன்று வரிசை இருக்கைகள் உள்ள வண்டிக்கே அது செல்லும் என்ற விதி வந்தது. பழைய வழி 2011 மாடலோடு முடிந்தது. மூன்றாவது வரிசை என்று பெரியவர்கள் கால் நீட்ட முடியாத குட்டி இருக்கைகளைப் பல எஸ்யூவிகளில் பார்க்கிறோம். அவற்றை மடக்கினால் தளம் தட்டையாகிறது, வண்டி டிரக் ஆகிறது.

இரண்டாவது வாசல்தான் இந்த அத்தியாயத்தின் தலைப்புக்குக் காரணம். சாலைக்கு வெளியே ஓடும் தகுதி. முதலில், நான்கு சக்கர இயக்கம் இருக்க வேண்டும், அல்லது உச்ச எடை 6,000 பவுண்டைத் தாண்ட வேண்டும். பிறகு ஐந்து அளவுகளில் நான்கிலாவது தேற வேண்டும். முன்பக்க ஏறு கோணம் 28 டிகிரிக்குக் குறையக் கூடாது. பின்பக்க இறங்கு கோணம் 20 டிகிரி. வண்டியின் நடுவயிறு மேட்டில் தட்டாமல் கடக்கும் கோணம் 14 டிகிரி. தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர். முன் பின் அச்சுகளுக்கும் தரைக்கும் இடைவெளி தலா 18 சென்டிமீட்டர்.

இதை எப்படி அளக்கிறார்கள்? வண்டியைச் சமதளத்தில் நிறுத்துகிறார்கள். ஆட்களோ சரக்கோ இல்லை. டயரில் கம்பெனி சொன்ன அளவு காற்று. முன்சக்கரங்கள் நேராக. பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன் டயர் ஒரு வட்டம். அந்த வட்டத்தைத் தொட்டுக்கொண்டும் பம்பரின் அடியை உரசிக்கொண்டும் தரையிலிருந்து முன்னோக்கி மேலேறும் ஒரு நேர்க்கோட்டைக் கற்பனை செய்யுங்கள். அந்தக் கோட்டுக்கும் தரைக்கும் இடைப்பட்ட கோணம்தான் ஏறு கோணம். அதைவிடச் செங்குத்தான சரிவில் ஏற முயன்றால் டயர் சரிவைத் தொடும் முன்பே பம்பர் இடிக்கும்.

28 டிகிரி என்றால் எவ்வளவு உயரம்? டயரின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பம்பரின் அடிநுனி முன் அச்சிலிருந்து 85 சென்டிமீட்டர் முன்னால் நீண்டிருக்கிறது. வட்டத்தைத் தொடும் கோடு தரையில் இருந்து கிளம்பும் இடம், டயர் தரையில் பதியும் புள்ளியிலிருந்து 35ஐ 14 டிகிரியின் டேன்ஜென்ட்டால் பெருக்கிய தூரம். கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். அங்கிருந்து பம்பர் நுனிக்கு 76 சென்டிமீட்டர். அதை 28 டிகிரியின் டேன்ஜென்ட்டான 0.53ஆல் பெருக்கினால் 40 சென்டிமீட்டர். பம்பரின் அடி தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதே நீட்டம் உள்ள செடான் காரில் பம்பரின் அடி 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறு கோணம் 15 டிகிரிகூட வராது. காரை டிரக் ஆக்க வேண்டுமென்றால் மூக்கைக் குட்டையாக்க வேண்டும், அல்லது முழு வண்டியையும் உயர்த்த வேண்டும், அல்லது பம்பரின் அடியை உள்வாங்கிச் சீவ வேண்டும். இன்றைய எஸ்யூவிகளில் பல முன்பம்பருக்குக் கீழே மேல்நோக்கிச் சீவிய தாடையோடு இருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

நடுவயிற்றுக் கோணம் இன்னும் சுவையானது. முன் சக்கரத்திலிருந்து ஒரு கோடு, பின் சக்கரத்திலிருந்து ஒரு கோடு, இரண்டும் வண்டியின் அடியில் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. இரு பக்கமும் 7 டிகிரி வைத்தால் மொத்தம் 14. அச்சுகளுக்கு இடையே 270 சென்டிமீட்டர் உள்ள வண்டிக்கு நடுவில் சுமார் 16 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே இது தேறிவிடும். 20 சென்டிமீட்டர் இடைவெளி வைத்துவிட்டால், அச்சுகளுக்கு இடையே 330 சென்டிமீட்டர் வரை உள்ள எந்த வண்டியும் கடந்துவிடும். அதாவது தரை இடைவெளியில் தேறிய நடுத்தர வண்டிக்கு நடுவயிற்றுக் கோணம் தானாகவே கிடைத்துவிடும். ஐந்தில் நான்கு என்ற தேர்வு தோன்றுவதைவிட எளியது. கடினமான கேள்வி 28 டிகிரி ஒன்றுதான், அதை விட்டுவிட்டாலும் மற்ற நான்கில் தேறலாம்.

தரை இடைவெளியை அளக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் பாகங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்பிரிங் தாங்கும் பாகங்களில் ஆகத் தாழ்ந்தது எதுவோ அதுவே அளவு. அச்சுகளுக்குத் தனி அளவு இருப்பது அதனால்தான்.

இந்த எண்கள் ஒரு வண்டியை எப்படி மாற்றின என்பதற்கு 2005 மாடல் சுபாரு அவுட்பேக் சாட்சி. அவுட்பேக் வேகனும் செடானும் நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. இயக்க நிபந்தனை ஏற்கெனவே பூர்த்தி. வண்டியைச் சற்றே உயர்த்தினார்கள், லைட் டிரக் அளவுகள் பொருந்தின. டிக்கி வைத்த நான்கு கதவு செடான் கார் ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் டிரக் ஆனது.

மைலேஜ் பட்டியலோடு இது நிற்கவில்லை. 1978இல் நிறைவேறிய சட்டம், அதிகம் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி விதித்தது. இன்று அது அதிகபட்சம் வண்டிக்கு 7,700 டாலர். கார்களுக்கு மட்டும்; டிரக்குகளுக்கும் எஸ்யூவிகளுக்கும் கிடையாது. பம்பர் விதி, மெதுவான மோதலைத் தாங்கும் பம்பர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் கார்களுக்கு மட்டும். காரின் எல்லா ஜன்னல் கண்ணாடிகளும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். டிரக்கிலும் எஸ்யூவியிலும் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகள் கறுப்பாக இருக்கலாம். தெருவில் போகும் வண்டியின் பின்ஜன்னல் கம்பெனியிலிருந்தே கறுப்பாக வந்திருக்கிறதா என்று பார்த்தாலே அது எந்த வகுப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உச்ச எடையும் வண்டியின் வகையும் அதில் அச்சாகியிருக்கும்: பயணிகள் கார், டிரக், அல்லது எம்பிவி எனப்படும் பல்நோக்குப் பயணிகள் வாகனம். இந்த மூன்றாவது பெயர் பாதுகாப்பு விதிகளுக்கு உரியது. டிரக் அடித்தளத்தில் கட்டிய, அல்லது அவ்வப்போது சாலைக்கு வெளியே ஓட்டும் அம்சங்கள் கொண்ட, பத்துப் பேர் வரையிலான வண்டி எம்பிவி. மைலேஜ் கணக்கில் இந்தச் சொல்லே கிடையாது. கதவுத் தூணில் எம்பிவி என்று போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்று காராகவும் மற்றது டிரக்காகவும் இருக்க முடியும். அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த இரண்டு எஸ்கேப்களும் அப்படித்தான்.

துறைமுகத்துக்கு வந்தால் எல்லாம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே டிரக் என்றால் நஷ்டம். 1962இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் மலிவான அமெரிக்கக் கோழி இறைச்சிக்குச் சுங்கவரியை ஏற்றியது. பேச்சுவார்த்தை முறிந்தது. 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடியாக உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, லைட் டிரக் ஆகிய நான்குக்கும் வரியை ஏற்றினார்; டிரக்குக்கு அது 25 சதவீதம். குறி, மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஃபோக்ஸ்வேகன் பிக்கப்பும் வேனும். மற்ற மூன்றின் வரி பின்னர் விலக்கப்பட்டது. டிரக் வரி 60 ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது. பயணிகள் காருக்கான வழக்கமான வரி 2.5 சதவீதம், பத்து மடங்கு வித்தியாசம்.

சுபாரு 1978 மாடலாக இறக்கிய பிராட் என்ற குட்டிப் பிக்கப்பின் திறந்த தளத்தில் பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகள் இருந்தன. இருக்கை இருந்தால் பயணிகள் வண்டி. 1989இல் சுங்கத்துறை எஸ்யூவிகளை டிரக் என்று வகைப்படுத்தப் பார்த்தது. நிதித்துறை தலையிட்டு அதில் பெரும்பகுதியைத் திருப்பியது. நிசான் பாத்ஃபைண்டரின் இரண்டு கதவு மாடல் நீதிமன்றம் வரை போனது. ஆட்களை ஏற்றவே முதன்மையாக வடிவமைக்கப்பட்டது என்று 1994இல் மேல்முறையீட்டிலும் முடிவானது. பின்ஜன்னல், பின்னிருக்கையின் சொகுசு, கால் வைக்கும் இடம் எல்லாம் அந்த வழக்கில் சாட்சிகள்.

ஃபோர்டு டிரான்சிட் கனெக்ட் விவகாரம் இன்னும் நீளம். துருக்கியில் செய்த இந்தச் சிறு வேன்கள் பின்னிருக்கையும் பின்ஜன்னலுமாகக் கப்பலில் பால்டிமோர் வந்தன. 2.5 சதவீத வரி கட்டியாயிற்று. வெளியே வந்ததும் பின்னிருக்கைகளைக் கழற்றி, ஜன்னல் இருந்த இடத்தில் உலோகத் தகடு பொருத்தி, சரக்கு வேனாக விற்றார்கள். 2013இல் சுங்கத்துறை இதைச் சரக்கு வண்டி என்றது. 2017இல் பன்னாட்டு வணிக நீதிமன்றம் ஃபோர்டு பக்கம் நின்றது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. 2024 மார்ச்சில், பொறுப்பு எதுவும் தீர்மானிக்கப்படாமலே, 36.5 கோடி டாலர் கட்டி ஃபோர்டு சமரசம் செய்துகொண்டது.

இந்த வரிச்சுவருக்குள் உள்நாட்டு டிரக் சந்தை பத்திரமாக வளர்ந்தது. 1990இல் ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தில் கட்டிய ஃபோர்டு எக்ஸ்புளோரர் வந்தது. எஸ்யூவி அலை கிளம்பியது. டிரக் மைலேஜ் இலக்கு மட்டும் 1996 முதல் 2004 வரை 20.7 மைலிலேயே நின்றது. அந்தக் காலத்தின் பெரும்பகுதிக்கு, அதை மாற்றுவதைப் பற்றி யோசிக்கக்கூட நிர்வாகம் பணம் செலவழிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் ஆண்டுதோறும் நிதி மசோதாவில் தடை எழுதியது. என் பார்வையில் இந்தக் கதையின் மிகப் பெரிய தவறு இதுதான். வரையறையில் ஓட்டை இருப்பது தெரிந்த பிறகும் ஆறு ஆண்டுகள் கையைக் கட்டிப்போட்டார்கள்.

விலையைக் காற்று வசூலிக்கிறது. வேகமாக ஓடும் வண்டி காற்றைத் தள்ளச் செலவிடும் ஆற்றல், முகப்புப் பரப்பையும் வடிவத்தின் இழுவை எண்ணையும் பெருக்கிய அளவுக்கு ஏற்பக் கூடும். தாழ்வான செடானுக்கு இழுவை எண் 0.28, முகப்பு 2.2 சதுர மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 110 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 10.6 கிலோவாட் போகும். 0.35 இழுவை எண்ணும் 2.7 சதுர மீட்டர் முகப்பும் கொண்ட எஸ்யூவிக்கு 16 கிலோவாட்டுக்கு மேல். பாதிக்குப் பாதி கூடுதல். எரிபொருளை மிச்சப்படுத்த எழுதிய சட்டம், வண்டியை உயர்த்தியவருக்குச் சலுகை தந்தது. பாதசாரிகளும் விலை கொடுக்கிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் 2023 ஆய்வு, பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகம் கொண்ட வண்டிகளைவிட மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது.

திருத்தங்கள் நடக்காமல் இல்லை. நான்கு சக்கர இயக்க மாடல் ஒன்று இருந்தால் அதன் இரு சக்கர இயக்க உடன்பிறப்பும் டிரக் என்று நெடுங்காலம் ஏற்றார்கள். 2011 மாடலிலிருந்து அது நின்றது. ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இரு சக்கர இயக்க எஸ்யூவிகள் கார் பட்டியலுக்குத் திரும்பின. 8,500 பவுண்டைத் தாண்டியதால் மைலேஜ் லேபிளே இல்லாமல் விற்ற ஹம்மர் எச்2, ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் போன்ற ராட்சதர்களுக்கு, 10,000 பவுண்டு வரை நீளும் தனி வகுப்பு உண்டானது. இலக்கை வண்டியின் அடித்தடப் பரப்போடு, அதாவது சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிய எண்ணோடு, இணைத்தார்கள். பெரிய தடத்துக்கு எளிய இலக்கு. ஆனால் கார்களுக்கு ஒரு வளைகோடு, டிரக்குகளுக்கு இன்னொன்று என்று இரண்டாகவே வைத்தார்கள். தடத்தை அகட்டினால் இலக்கு தளர்கிறது, டிரக் ஆக்கினால் இன்னும் தளர்கிறது. 1975இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த புதிய வண்டிகளில் ஐந்தில் நான்கு பங்கு கார். 2022 மாடலில், மைலேஜ் விதிகளின் வரையறைப்படி, நூற்றுக்கு 63 டிரக்.

எல்லைக்கோட்டை அழிக்க முடியாது என்பவர்களுக்குப் புகை விதிகள் பதில் சொல்கின்றன. 1973இல் லைட் டிரக்கைப் பிரித்த அதே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2004 முதல் 2009 வரை படிப்படியாக, கார்களுக்கும் எல்லா லைட் டிரக்குகளுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு புகைக்கு ஒரே சராசரி இலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: மைலுக்கு 0.07 கிராம். பெரிய எஸ்யூவிகளும் அதற்குள் வந்தன. பிக்கப் தொழில் அழிந்துவிடவில்லை, கன்வெர்ட்டர்கள் மேம்பட்டன. புகைக்குச் செய்ததை மைலேஜுக்கும் செய்திருக்கலாம். வண்டி எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று கேட்பதை விட்டுவிட்டு, எல்லா வண்டிகளுக்கும் ஒரே வளைகோடு வரைந்தால் போதும். உண்மையாகவே பாரம் இழுக்கும் பண்ணை வண்டிக்கு அது இழுக்கும் பாரத்தை அளந்து சலுகை தரலாம். பம்பரைச் சீவுவதற்கும் குட்டி இருக்கை வைப்பதற்கும் அப்போது எந்த ஆதாயமும் இருக்காது.

நடந்தது வேறு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், மைலேஜ் இலக்கைத் தவறவிடும் கம்பெனிகளுக்கான அபராதத்தைப் பூஜ்யம் டாலராகக் குறைத்தது.